ஆறாவது ஆளின் சோறு

பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கறுப்பு ஸ்பொஞ்சில் துப்பாக்கியின் வடிவத்துக்கு வெட்டிய பள்ளம் அப்படியே இருந்தது. துப்பாக்கியைத்தான் காணவில்லை.

பாலகிருஷ்ணன் எட்டிப் பார்த்தான். வாயில் வட்டிலப்ப இனிப்பு இன்னும் மிச்சமிருந்தது. சற்று முன்புவரை, சிட்னிக்கு வந்த பிறகு அவன் கண்ட ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் உருப்படியானது. ஓசிச் சாப்பாடு, நல்ல வெயில், பேச்சுக் கொடுக்க ஆட்கள்.

"யாராச்சும் துடைக்க எடுத்துட்டுப் போயிருப்பாங்களோ மேடம்?" என்று கேட்டான்.

கிரிஜா குனிந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டூங்கபியில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் துப்பறியும் தொழில் நடத்துகிறவள். இன்ஷூரன்ஸ் பொய்களும் ஓடிப்போன கணவன்மாரும் அவளுக்குச் சோறு போடுகிறார்கள். பாலகிருஷ்ணன் மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வந்து, படித்தும் முடித்து, கடைசியில் அவளுடைய பழைய கரோலாவை ஓட்டுகிறான். விசிட்டிங் கார்டில் உதவியாளன் என்று போட்டிருக்கிறது. வாயைப் பார்த்தால் முதலாளி அவன்தான் என்று தோன்றும்.

அன்று மேற்கு சிட்னித் தமிழர் துப்பாக்கிக் கழகத்தின் வருடாந்த ஒன்றுகூடல். விண்ட்சருக்கும் அப்பால் மலையடிவாரத்தில் ஒரு சுடுதளம். குவேக்கர்ஸ் ஹில்லில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜலீல் ஹாஜியார்தான் கழகத் தலைவர்; கிரிஜாவை விருந்துக்கு அழைத்ததும் அவர்தான். கழகத்தார் சுடுவது நீளக் குழலும் தொலைநோக்கியும் பொருத்திய கைத்துப்பாக்கியால். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, குழலைக் கெண்டைக்காலின் ஓரத்தில் சாய்த்து, இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் இரும்பு ஆட்டுக்கடாவை விழுத்த வேண்டும். கடா விழுந்தால் வந்திருப்பவர்கள் கிழக்கிலங்கையில் ஓர் ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவுக்கு நன்கொடை தருவார்கள்.

கல்யாணப் பந்தி முடிந்து மண்டபத்தில் சாய்ந்த சித்தப்பாக்கள் கையில் யாரோ துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள் என்று பாலகிருஷ்ணன் காலையிலேயே சொல்லிவிட்டான். கடாவைத் தவிரக் கோழி, வான்கோழி, பன்றி என்றும் இரும்பில் வரிசை வரிசையாக நின்றன. ஜலீல் பன்றி வரிசை முழுவதையும் தட்டி விழுத்தியபோது, இது கூடுமா அங்கிள் என்று கேட்டான். தின்னத்தான் கூடாது தம்பி என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அதே ஜலீல் இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குப் போகுமுன் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தேன் என்றார். தொழப் போனவர்கள், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள். மற்றவர்கள், தொழுதுவிட்டு வந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சுடுதளப் பொறுப்பாளர் சிவலிங்கத்துக்கோ சர்க்கரை வியாதி, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் தலை சுற்றும். ஆக, எல்லாரும் மரியாதையாக ஒருவரை ஒருவர் நம்பிய நேரத்தில் பெஞ்சடியில் ஒரு ஆளும் இல்லை.

"வயிறு நிறையச் சாப்பிட்டு, கை கழுவிப்போட்டு வாறன், வெறும் பெட்டி கிடக்கு," என்றார் ஜலீல் கிரிஜாவிடம். "கை கழுவக்குள்ள கேற்றடியில ஒரு வெள்ளை வான் போறதக் கண்டன் மகள். அது தன்ஸீல்ட வான்."

அந்தப் பெயரைக் கேட்டதும் பெண்கள் பக்கம் முனகல் எழுந்தது. தன்ஸீல் அவருடைய மருமகன். மகள் ரிஸ்னாவின் கையை முறித்தவன். அவளுக்குக் கிட்டவே வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, குவேக்கர்ஸ் ஹில்லில் இருவரும் வாழ்ந்த வீட்டை விட்டுப் போனான். எங்கே இருக்கிறான் என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. பொலிஸாரிடம் இருப்பதும் பழைய விலாசம்தான். அவன் பேச்சு மட்டும் ஆள் மாறி ஆள் மாறி ரிஸ்னாவின் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. எங்கே போய் ஒளிந்தாலும் கடைசியில் என்னிடம்தான் திரும்பி வர வேண்டும் என்பான். வராவிட்டால் என்ன செய்வான் என்பதையும் சொல்லி அனுப்பியிருந்தான்.

சிவலிங்கம் பொலிஸுக்குப் போன் அடித்துப் பேசினார். ரிஸ்னா தங்கியிருக்கும் டூங்கபி வீட்டுக்கு உடனே ஒரு கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆனால் தன்ஸீலை எங்கே போய்ப் பிடிப்பது என்று அவர்களே கேட்டார்கள். கையில் துப்பாக்கியோடு ஒருவன் ஊருக்குள் போகிறான். அவன் எங்கே போகிறான் என்பதைவிட எங்கே தங்கியிருக்கிறான் என்பது தெரிந்தால் போதும், மடக்கிவிடலாம்.

ஜலீலின் மனைவி லைலா அழவில்லை. பெட்டியையும் பார்க்கவில்லை. கணவனின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பயத்தில் ஆட்கள் எங்கேயாவது பார்ப்பார்கள் என்று பாலகிருஷ்ணன் அதை விட்டுவிட்டான்.

கிரிஜா அவளிடம் போய், தன்ஸீல் வீட்டை விட்டுப் போன பிறகு அவனிடமிருந்து ஏதாவது சாமான் வந்ததா என்று கேட்டாள். ரிஸ்னாவின் உடுப்புகளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுப் பள்ளிவாசல் வாசலில் வைத்துவிட்டுப் போனான் என்றாள் லைலா. அது என்ன பெட்டி என்று கிரிஜா விடாமல் கேட்டாள். டயர் படம் போட்ட பெட்டி, உடுப்பெல்லாம் ரப்பர் மணந்தது, இரண்டு தரம் துவைத்தும் போகவில்லை என்றாள் லைலா.

"ஆம்பிளை பெட்டி தேடி ஊரெல்லாம் அலையமாட்டான். தான் இருக்கிற இடத்திலை எது கிடக்கோ அதிலைதான் கட்டுவான்," என்றாள் கிரிஜா. "அவனோடை படிச்ச பெடியள் ஆராவது டயர் கடை வைச்சிருக்கினமோ?"

துஷாந்த் என்று ஒருவன் மெரிலேண்ட்ஸில் கடை வைத்திருந்தான். கூட்டத்தில் பாதிப் பேர் அவனிடம்தான் டயர் மாற்றினார்கள். தன்ஸீலோடு ஒரே அறையில் இருந்து படித்தவன் என்பது ஒருவருக்கும் அதுவரை நினைவுக்கு வரவில்லை. பொலிஸ் போனால் அவன் மழுப்புவான், தானே நேரில் போய்க் கேட்பதாகக் கிரிஜா சொன்னாள்.

புறப்படுமுன் கிரிஜா பெட்டியை மறுபடி பார்த்தாள். சுடாத நேரத்தில் ரவை, அதாவது தோட்டா, போடும் வாயில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கொடியைச் செருகி வைக்க வேண்டும் என்பது சுடுதளத்தின் கண்டிப்பான விதி. துப்பாக்கி வெறுமையாக இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். பெட்டிக்குள் வைத்தாலும் விதி விதிதான். அந்தக் கொடி இப்போது ஸ்பொஞ்சின் மூலையில் தனக்கென்று வெட்டிய சின்னப் பள்ளத்தில் ஒழுங்காகப் படுத்திருந்தது. திருடன் கொடியை இறக்கிவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று பாலகிருஷ்ணன் சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

ஜலீல் தானும் வருவேன் என்று பிடிவாதமாக நின்றார். போகிற வழியில் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு நேரம் வந்துவிடும் என்று, காரிலிருக்கும் தன் தொழுகைப் பாய்ப் பையைக் கொண்டுவரும்படி லைலாவிடம் சொன்னார். அவள் போய்வரக் கொஞ்சம் நேரமானது. பையை ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்துவிட்டு, தான் டூங்கபிக்குப் போய் மகளோடு இருக்கப் போவதாகக் கிரிஜாவிடம் சொல்லித் தன் காரில் ஏறினாள்.

வழி நெடுகிலும் ஜலீல் ஒரே கேள்வியைத்தான் பல விதமாகக் கேட்டார். துஷாந்த் விலாசம் சொல்வானா, சொல்லாவிட்டால் வேறு யாரிடம் கேட்பது, தன்ஸீல் மெரிலேண்ட்ஸில்தான் இருப்பானா. பாலகிருஷ்ணனுக்குப் பின்னால், பையை இரண்டு கையாலும் அணைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தது கண்ணாடியில் தெரிந்தது. நடுவில் ஒரு தரம், யாரும் கேட்காமலே, ரிஸ்னா இப்போதும் கதவுக்கு மேசையை இழுத்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறாள் என்றார். அவளுக்கு இடம் கொடுத்திருக்கும் புஷ்பவல்லி அன்ரியின் டூங்கபி வீட்டில் ஒவ்வொரு காலையிலும் மேசை இழுபடும் சத்தம் கேட்கும், அதற்குப் பிறகுதான் மகள் எழும்பிவிட்டாள் என்று அன்ரி தேத்தண்ணி போடுவாவாம்.

பாலகிருஷ்ணன் வேகத்தைக் கூட்டினான். அவனுக்குத் தங்கை ஒருத்தி ஊரில் இருந்தாள்.

டயர் கடைக்குச் சற்றுத் தள்ளிக் காரை நிறுத்தச் சொன்னாள் கிரிஜா. மாமனாரைக் கண்டால் துஷாந்த் வாயைத் திறக்கமாட்டான் என்று ஜலீலைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். பயம் வந்தால் பாலகிருஷ்ணனுக்குச் சாப்பாட்டுப் பேச்சு வரும். அன்றைக்கும் வந்தது.

"பாவம் மேடம் அந்த அங்கிள். ஊருக்கெல்லாம் சோறு போட்டுட்டு அவர் பட்டினி," என்றான். "எங்க சஹன் காலியானதும், எங்கயாச்சும் மிச்சம் இருக்கான்னு ஒரு ரவுண்டு போனேன். அவர் சஹன்ல அஞ்சு பக்கமும் வழிச்சுத் தட்டு பளபளன்னு தெரியுது. ஒரு பக்கம் மட்டும் கோழிக்கால், முட்டை, சோறு எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு. பார்க்கவே மனசு கேக்கல."

கிரிஜா நின்றுவிட்டாள்.

சஹன் என்பது இலங்கை முஸ்லிம் விருந்தின் பெரிய தட்டு. ஆறு பேர் அதைச் சுற்றி உட்கார்வார்கள். நடுவில் சோறு குவிந்திருக்கும். அவரவர் தன் முன்னால் உள்ள பக்கத்தை உண்பார்களே தவிர, அடுத்தவர் பக்கம் கையை நீட்டுவது அநாகரிகம். ஆள் எழுந்து போனாலும் அவர் பங்கு அவருக்காகக் காத்துக் கிடக்கும்.

"அவரின்ரை பக்கம்தான் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"மத்த அஞ்சு பேரும் கை கழுவாம உக்காந்திருந்தாங்களே மேடம். ஹாஜியார் வரட்டும், அவரு முடிக்காம எப்படி எழும்புறதுன்னு."

அவள் வேகமாக நடந்தாள். முகம் மாறியிருந்தது.

துஷாந்த் ஞாயிற்றுக்கிழமையிலும் கடையைத் திறந்து வைத்திருந்தான். தன்ஸீல் என்று சொன்னதுமே, அவனைக் கண்டு மாதக்கணக்காகிறது அக்கா என்று கையை விரித்தான். கிரிஜா அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளை வான் இரும்புத் தூக்கியில் ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. நாலு சில்லும் டயரோடு கழற்றியிருந்தது.

"அது ஆரின்ரை வான்?"

துஷாந்த் திரும்பிப் பார்த்தான். தப்ப வழியில்லை என்று அவனுக்கே புரிந்தது. தன்ஸீலுடையதுதான் என்றான். பிரேக் வேலை, வெள்ளிக்கிழமை ஏற்றியது, பார்ட்ஸ் நாளைக்குத்தான் வரும். அவன் இப்போது குளிர்சாதனக் களஞ்சியத்தில் வேலைக்குப் போயிருக்கிறான், வேலை முடிந்து ரயிலில் வருவான்.

"அப்ப மத்தியானம் அங்க வந்தது?" என்று பாலகிருஷ்ணன் ஆரம்பித்தான். கிரிஜா அவன் கையை அழுத்தினாள்.

விலாசம் வேண்டும் என்றாள். துஷாந்த் தயங்கினான். நண்பனைக் காட்டிக்கொடுக்க முடியாது என்றான். இன்றைக்கு நீ மறைத்தால் நாளைக்கு உன் நண்பனின் மையத்தை அடக்கத்தான் போக வேண்டி வரும் என்று அவள் சொன்னாள். துஷாந்த் பக்கத்துத் தெருவின் பெயரைச் சொன்னான். வீட்டின் பின்வளவில் ஒற்றை அறை, வாசலில் தகரக் கேற்.

கிரிஜா கடை வாசலில் நின்றே லைலாவுக்குச் செய்தி தட்டினாள். இந்நேரம் அவள் டூங்கபியில் பொலிஸாருக்குப் பக்கத்தில் இருப்பாள். காருக்குள் ஏறினால் வாய் திறந்து பேச முடியாது. விலாசத்தை அனுப்பி, இதைப் பொலிஸிடம் கொடுங்கள் அன்ரி, ஹாஜியாருக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று எழுதினாள். பாலகிருஷ்ணன் தோளுக்கு மேலாக அதைப் படித்தான். ஏன் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கார் புறப்பட்டது. டூங்கபிக்கு ஓட்டும் என்றாள் கிரிஜா.

"அட்ரஸ் கிடைச்சா மகள்?" பின்னாலிருந்து ஜலீல் முன்னுக்குச் சாய்ந்தார்.

"கிடைச்சது ஹாஜியார். ஆனால் உங்களுக்குச் சொல்லமாட்டன்."

அவர் புரியாதவர்போல் விழித்தார். கிரிஜா திரும்பாமல், கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துப் பேசினாள். கேற்றடியில் கண்டதாகச் சொன்ன வான் வெள்ளிக்கிழமையிலிருந்து சில்லில்லாமல் நிற்கிறது என்றாள். வயிறு நிறையச் சாப்பிட்ட மனுஷனின் பங்குச் சோறு சஹனில் தொடாமல் கிடந்தது என்றாள். மற்ற ஐந்து பேரும் அவர் விருந்தாளிகளைக் கவனிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்துக் கையை உலரவிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

"கொடியை ஆர் கழட்டுவினம் ஹாஜியார்? ரவை போடப்போறவைதான் கழட்டுவினம். களவெடுக்க வந்தவன் அதை நிலத்திலை எறிஞ்சிருப்பான். உங்கட கை, பழக்கத்திலை, அதைக் கொண்டுபோய் அதின்ரை இடத்திலை வைச்சிட்டுது."

பாலகிருஷ்ணனுக்கு இப்போதுதான் உறைத்தது. ரவை போட்ட துப்பாக்கி ஒன்று அவன் பிடரிக்கு நேர் பின்னால், ஒரு பைக்குள், இவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது.

"அங்கிள், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல," என்றான். சொன்ன பிறகு, இந்த நேரத்தில் போய் இதைச் சொன்னோமே என்று வெட்கப்பட்டான்.

ஜலீல் மறுக்கவில்லை.

"ஓம், நான்தான். அவன்ட அட்ரஸ் ஒண்டுதான் எனக்கிட்ட இல்லாம இருந்த. சும்மா கேட்டா நீங்க தேடித் தர மாட்டீங்க. என்ட புள்ளைக்கு ஆபத்து எண்டா ஓடுவீங்க எண்டு தெரியும்."

கிரிஜாவின் தாடை இறுகியதைப் பாலகிருஷ்ணன் கண்டான். வேட்டைக்கு நாயைக் கூட்டிப்போவதுபோல இந்த மனுஷர் அவளைக் கூட்டி வந்திருக்கிறார். அவளும் மோப்பம் பிடித்துக் கொடுத்துவிட்டாள். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் பின்னால் இருந்தவர் அழத் தொடங்கியிருந்தார். உத்தரவு என்பது ஒரு கடதாசி, அவன் உதைத்தால் கதவு தாங்குமா, மேசை தாங்குமா என்று கேட்டார். பொலிஸ் வருமுன் எல்லாம் முடிந்துவிடும், பிறகு வந்து என்ன செய்வார்கள் என்று கேட்டார். அறுபது வயதுக்கு மேல் சிறைக்குப் போனால் எனக்கென்ன, என் பிள்ளை மேசையை இழுக்காமல் ஒரு நாள் தூங்கட்டும் என்றார். காரைத் திருப்பச் சொல்லி இரண்டு தரம் கெஞ்சினார்.

திருப்பாவிட்டால் எங்களைச் சுடுவீர்களா என்று கிரிஜா கேட்டாள். அவர் தலையைப் பலமாக ஆட்டினார். அப்படி ஒரு மனுஷன் நான் இல்லை மகள் என்றார்.

"அது எனக்குத் தெரியும். அதாலைதான் ரிஸ்னாட்டைப் போறம். அவவுக்கு முன்னாலை பையைப் பொலிஸிட்டைக் குடுங்கோ. மிச்சத்தை நான் பேசுறன்."

நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை என்று பாலகிருஷ்ணன் நினைத்தான். அவன் மூச்சு சீராகியது. அடுத்த சந்தியில் சிவப்பு விளக்குக்கு ஒழுங்காக நின்றான்.

டூங்கபியில் புஷ்பவல்லி அன்ரியின் வீட்டுக்கு முன்னால் பொலிஸ் கார் நின்றது. வாசலில் இரண்டு பொலிஸாரும், அன்ரியும், அவளுக்குப் பின்னால் ரிஸ்னாவும் நின்றார்கள். முறிந்து பொருந்திய இடது கையை அவள் வலது கையால் பிடித்திருந்தாள். ஜலீல் இறங்கிப் போய், பையைப் பொலிஸ் காரின் முன்மூடியில் வைத்துவிட்டு விலகிக் கைகளை உயர்த்தினார். கிரிஜா பொலிஸாரிடம் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னாள். ரிஸ்னா எல்லாவற்றையும் கேட்டாள். வாப்பா என்று ஒரு சொல் மட்டும் சொன்னாள்.

பொலிஸ்காரி கையுறை போட்டுப் பையைத் திறந்தாள். சுருட்டிய தொழுகைப் பாயை மெல்ல விரித்தாள். உள்ளேயிருந்து இரண்டு டின்பால் உருண்டு வந்தன. வேறு எதுவும் இல்லை.

ஜலீலின் முகத்தில் இருந்தது நடிப்பில்லை. அவர் பாயைப் பிடுங்கி உதறினார். பையைத் தலைகீழாகக் கொட்டினார்.

"உம்மா எங்க?" என்று கேட்டாள் ரிஸ்னா. லைலா இன்னும் வரவில்லை. வழியில் மருந்து வாங்கிக்கொண்டு வருவதாக அன்ரிக்குப் போன் செய்திருந்தாள்.

கிரிஜா தன் போனை எடுத்துப் பார்த்தாள். அவள் அனுப்பிய விலாசத்துக்குக் கீழே லைலாவின் பதில் இருந்தது. கிடைச்சது மகள், அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்வான் என்று எழுதியிருந்தாள். தகப்பனிடம் மறைத்த விலாசத்தைக் கிரிஜா தன் கையாலேயே தாயிடம் கொடுத்துவிட்டாள். பொலிஸ்காரன் தெருப் பெயரைக் கேட்டு வாங்கி ரேடியோவில் கத்தினான். கிட்ட உள்ள கார் அங்கே போய்ச் சேரச் சற்று நேரமாகும் என்று பதில் வந்தது.

ரிஸ்னா தாய்க்குப் போன் அடித்து, எல்லாரும் கேட்கும்படி போனைக் காரின் மேல் வைத்தாள். லைலா எடுத்தாள். குரல் சாதாரணமாக, குசினி அடுப்படியிலிருந்து பேசுவதுபோல இருந்தது. எங்கே நிற்கிறீர்கள் என்று மகள் கேட்டாள்.

"தன்ஸீல்ட அறை வாசல்ல இரிக்கன். அவன் இன்னும் வரல்ல. வாப்பாட மூஞ்சப் பாத்ததுமே எனக்கு விளங்கிட்டு மகள். பைய எடுக்கப் போனன், பாயிக்குள்ள துவக்கு. அத எடுத்துட்டு, பாரம் குறையாம டின்பால வெச்சன். எப்படியும் வாப்பா இங்க வந்து சேருவார். அவர் கொலைகாரனாப் போறத நான் பாத்துட்டு இரிக்க ஏலுமா? தன்ஸீலை எங்கயாவது போயிரு எண்டு சொல்ல வந்தன். சும்மா சொன்னா நம்பமாட்டான். இதைக் காட்டினா நம்புவான்."

"உம்மா, அதைக் காருக்குள்ள வெச்சிட்டு வாங்க. இப்பவே வாங்க."

"பயப்பட ஒண்டும் இல்ல. வெறும் துவக்குத்தான். வாப்பா எப்பவும் வெறுமையாத்தான் வெப்பார்."

ஜலீல் போனை நோக்கிப் பாய்ந்தார். வாயைத் திறந்தார். அந்தக் கணத்தில் போனுக்குள் ஒரு தகரக் கேற் கிறீச்சிட்டது.

"மாமியா? என்ன இந்தப் பக்கம்?" என்றது ஆண் குரல். "பையில என்ன?"

கிரிஜா ஜலீலின் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். துப்பாக்கியில் ரவை இருக்கிறது என்று இப்போது லைலாவுக்குச் சொன்னால், அவனுக்கும் சொன்னதாகிவிடும். ஜலீல் திமிறினார். பிறகு அவருக்கும் விளங்கியது. அவர் கண்ணீர் அவள் விரல்களில் ஓடியது. போனுக்குள் லைலா எதையோ தட்டுத்தடுமாறிச் சொன்னாள். பையைக் காட்டச் சொல்லி அவன் குரல் கிட்ட வந்தது. பாலகிருஷ்ணனுக்கு வேடிக்கையாகச் சொல்ல இந்த உலகத்தில் ஒரு சொல்கூட இருக்கவில்லை. கடவுளே, கடவுளே என்று மட்டும் வந்தது.

ரிஸ்னா போனைக் கையில் எடுத்தாள்.

"தன்ஸீல், நான் ரிஸ்னா கதைக்கிறன்."

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது.

"உம்மாட்ட ஒண்டும் கேக்க வேணாம். எனக்காகக் கதைக்கத்தான் வந்திரிக்காங்க. பையில என்ட உடுப்பு. நான் உங்களோட திரும்பி வாறன். குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக்கே வாறன். உம்மாவ இப்ப வெளியில அனுப்புங்க, நான் வாறன்."

அவள் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. அது பொய்யா, உண்மையாகவே போகத் துணிந்துவிட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்துப் பாலகிருஷ்ணனால் சொல்ல முடியவில்லை. கார் போய்ச் சேரும்வரை பேச்சை நீட்டும்படி பொலிஸ்காரி கையால் காட்டினாள்.

"பொய் சொல்ற," என்றான் தன்ஸீல். "உன்ட வாப்பா விடுவாரா?"

ரிஸ்னா தகப்பனைப் பார்த்தாள். கிரிஜா மெதுவாகக் கையை எடுத்தாள். மகள் போனைக் கொண்டுபோய் அவர் வாய்க்கு நேரே பிடித்தாள். அந்தப் போன் ஆடாமல் நின்றது. தெருவில் ஒரு ஐஸ்கிரீம் வான் மணியடித்துக்கொண்டு போனது. ஜலீல் மகளின் வளைந்த இடது கையைப் பார்த்தார், உதட்டை நனைத்தார், மூச்சை இழுத்தார்.

"விடுறன் மருமகன்," என்றார். "வந்து கூட்டிட்டுப் போங்க."